கம்பி இணையும் இடம்

ஒரு கட்டடத்தின் பலம் கம்பியின் தடிமனில் மட்டும் இல்லை. ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் பல கட்டடங்களின் தலைவிதி எழுதப்படுகிறது. கான்கிரீட் கொட்டியபின் அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

லூதியானாவிலிருந்து மதுரை வரை எந்த ஊருக்குள் ரயில் நுழைந்தாலும் ஜன்னலில் தெரியும் காட்சி ஒன்றுதான். மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள். அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் முளைத்து நிற்கும் துருப்பிடித்த இரும்புக் கம்பிகள். சில வீடுகளில் அவற்றின் முனையில் காலி பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கையில் காசு சேர்ந்ததும், அல்லது மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எழுப்பப்போகும் அடுத்த மாடிக்காக விட்டுவைத்த கம்பிகள் அவை.

வீட்டுக்காரருக்கு அது நாளைய நம்பிக்கை. பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்தால் அவர் மனத்தில் எழுவது மூன்று கேள்விகள். கம்பி எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது? எந்த இடத்தில் அடுத்த கம்பியோடு சேரப்போகிறது? எதைக் கொண்டு சேர்க்கப்போகிறார்கள்? நாட்டின் பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்றுக்கும் விடை சொல்பவர் பொறியாளர் அல்ல. கம்பி கட்டும் தொழிலாளியும் மேஸ்திரியும்தான்.

இணைப்பு இல்லாத கான்கிரீட் கட்டடம் கிடையாது. உருக்காலைகள் கம்பியைப் பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில்தான் வெட்டி அனுப்புகின்றன. லாரியில் ஏற்றவும் தெருவில் இறக்கவும் அதுவே அதிகம். சின்ன ஊர்களுக்கு மெல்லிய கம்பிகள் நடுவில் மடக்கப்பட்டே வந்து சேர்கின்றன. தூணோ தரையிலிருந்து உச்சி மாடிவரை அறுபடாமல் போக வேண்டியது. ஆகவே மாடிக்கு மாடி, தூணுக்குத் தூண் இணைப்பு வருகிறது. சாதாரண நான்கு மாடிக் குடியிருப்பிலேயே இவை ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இணைக்க வழிகள் மூன்று. இரண்டு கம்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிப்பிட்ட நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கட்டுவது முதல் வழி. தளத்தில் இதற்கு ‘லேப்பிங்’ என்று பெயர். பற்றவைப்பது இரண்டாவது. இரு முனைகளையும் ‘கப்ளர்’ என்ற எஃகுக் குழலுக்குள் திருகிப் பூட்டுவது மூன்றாவது. மூன்றும் சரியாகச் செய்தால் சரி. தவறாகச் செய்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரும்.

கட்டுக்கம்பியின் மாயை

மேற்பொருத்து முறையில் இரண்டு கம்பிகளையும் மெல்லிய கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அந்தக் கட்டுதான் இணைப்பு என்று தோன்றும். கட்டு இறுக்கமாக இருந்தால் கம்பி விடாது என்று மேஸ்திரிகள் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்தக் கட்டு தாங்கும் பாரம் என்று எதுவும் இல்லை. கான்கிரீட் கொட்டும்போது கம்பி நகராமல் பிடித்திருப்பதோடு அதன் வேலை முடிந்தது.

பாரத்தை ஒரு கம்பியிடமிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடுவில் இருக்கும் கான்கிரீட். கம்பியின் மேலுள்ள வரிகள் கான்கிரீட்டைக் கவ்வுகின்றன. கம்பி இழுபடும்போது அந்த வரிகள் கான்கிரீட்டை நெருக்க, கான்கிரீட் பக்கத்துக் கம்பியின் வரிகளை நெருக்குகிறது. இப்படிச் சிறிது சிறிதாக, சேர்ந்திருக்கும் நீளம் முழுவதிலும் பாரம் கைமாறுகிறது. நீளம் போதவில்லை என்றால் கம்பி அறுவதில்லை, உருவிக்கொண்டு வந்துவிடும். கான்கிரீட் நீளவாக்கில் பிளக்கும்.

வரிகள் நெருக்கும் விசையில் ஒரு பகுதி கான்கிரீட்டை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அதைத் தடுப்பவை தூணைச் சுற்றிப் போடும் வளையங்கள், தளத்து மொழியில் ‘ரிங்’. பீப்பாயின் பலகைகள் பிரியாமல் இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல, வளையம் அந்த இடத்துக் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கிறது. எனவே மேற்பொருத்தின் பலத்துக்குப் பொறுப்பாளிகள் மூவர்: சேர்ந்திருக்கும் நீளம், கான்கிரீட்டின் தரம், நெருக்கமான வளையங்கள்.

நீளம் எவ்வளவு என்பதற்குத் தளங்களில் நெடுங்காலமாக ஒரு வாய்ப்பாடு உண்டு: கம்பியின் விட்டத்தைப்போல் 40 மடங்கு. இந்த வாய்ப்பாடு ஒரு காலத்துக் கணக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிப்படி கணக்கிட்டால், 415 தரக் கம்பியும் எம்.25 கான்கிரீட்டும் சேரும்போது இழுவிசைக்குத் தேவையான நீளம் கிட்டத்தட்ட 40 மடங்கு வருகிறது. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது 500 தரக் கம்பி. அதே கான்கிரீட்டில் அதற்கு 48 மடங்குக்கு மேல் வேண்டும். சிறிய வீடுகளுக்குப் போடும் எம்.20 கான்கிரீட்டாக இருந்தால் கிட்டத்தட்ட 57 மடங்கு.

அதாவது 16 மி.மீ. கம்பிக்கு மேஸ்திரி 64 செ.மீ. விடுகிறார், கணக்கு கேட்பது 90 செ.மீ.க்குச் சற்று மேல். கம்பி பலமானதாகிவிட்டது, ஆகவே குறைவான நீளம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பலமான கம்பி அதிக இழுவிசையைச் சுமக்கும். அதைக் கைமாற்ற அதிக நீளம் வேண்டும். கம்பி மாறியது, வாய்ப்பாடு மாறவில்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தூண் என்றாலே அழுத்தத்தைத் தாங்குவது என்பதால், தூண் கம்பிகளுக்குக் குறைந்த நீளம் போதும் என்று விதியே ஓரளவு சலுகை தருகிறது. சாதாரண நாட்களில் அது சரிதான். பூமி அசையும்போது தூண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைகிறது. ஒரு கணம் அழுத்தத்தில் இருந்த கம்பி மறுகணம் இழுவிசைக்கு ஆளாகிறது. அப்போது சலுகை நீளம் கைகொடுக்காது. அதனால்தான் பூகம்பப் பகுதிகளுக்கான ஐ.எஸ். 13920 விதி, தூணிலும் இணைப்பை இழுவிசைக்கு ஏற்றபடியே கணக்கிட வேண்டும் என்கிறது.

அகமதாபாத் சொன்ன பாடம்

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. மணி ஒன்பதை நெருங்கும்போது கட்ச் பகுதி குலுங்கியது. அரசுக் கணக்கின்படி 13,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பூஜ், பச்சாவ், அஞ்சார் ஆகிய ஊர்கள் நொறுங்கியதில் ஆச்சரியம் இல்லை. அவை பூகம்ப மையத்துக்கு அருகில் இருந்தன. நாட்டை அதிர வைத்தது, மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் மடிந்து விழுந்ததுதான். மண் சுவரும் கல் சுவரும் அல்ல. பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டு நடுத்தர வர்க்கம் வாங்கிய புதிய குடியிருப்புகள்.

இடிபாடுகளைப் பார்வையிட்ட பொறியாளர்கள் பல காரணங்களைப் பட்டியலிட்டார்கள். கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் திறந்து விடப்பட்ட கீழ்த்தளம் அவற்றில் முதன்மையானது. அதோடு, உடைந்த தூண்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட குறைகள் உண்டு. எல்லாக் கம்பிகளும் தளத்துக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் இணைக்கப்பட்டிருந்தன. வளையங்கள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. வளையத்தின் முனை உள்ளே மடக்கப்படாமல் வெறுமனே செங்கோணமாக விடப்பட்டிருந்தது. மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த வளையங்கள் வாயைத் திறந்தன. பிடிப்பு போனதும் கம்பிகள் வெளியே பிதுங்கின.

இடம் ஏன் முக்கியம்? நிலநடுக்கத்தில் தூண் வளையும்போது வளைவின் வேகம் மேல் முனையிலும் கீழ் முனையிலும்தான் உச்சத்தில் இருக்கும். நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒன்றும் இராது. அடி வாங்கும் இடத்தில் முழுக் கம்பி இருக்க வேண்டும். இணைப்பை அடி குறைவாக விழும் நடுவில் வைக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரத் தூணில் அடியில் முக்கால் மீட்டரையும் மேலே முக்கால் மீட்டரையும் விட்டுவிட்டு, இடையிலுள்ள ஒன்றரை மீட்டருக்குள்தான் இணைப்பு வரலாம்.

இது அகமதாபாத்துக்குப் பிறகு பிறந்த ஞானம் அல்ல. ஐ.எஸ். 13920 வெளியானது 1993இல். பூகம்பத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே. தூணின் நடுப்பாதியில் மட்டும் இணைக்க வேண்டும், ஓரிடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் இணைக்கக் கூடாது, இணைப்பின் நீளம் முழுவதும் 150 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் வளையம் வேண்டும், வளையத்தின் கொக்கி 135 பாகைக்கு மடங்கிக் கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. 2016இல் விதி மேலும் கடுமையாக்கப்பட்டது. பூஜ் பூகம்பத்துக்குப் பின் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய 24 எளிய பூகம்பக் குறிப்புகளில் ஒன்று, தூண் கம்பியை எங்கே இணைக்க வேண்டும் என்பதைப் படம் போட்டே விளக்கியது.

அப்படியும் பழக்கம் மாறவில்லை என்பதற்கு நாடெங்கும் மொட்டை மாடிகளே சாட்சி. காரணம் சோம்பல் மட்டும் அல்ல. தளத்தின் மேல் நின்று வேலை செய்பவருக்குக் காலடியில் தொடங்கும் இணைப்புதான் வசதி. நடுவில் இணைக்க வேண்டுமானால் கீழ்க் கம்பி ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்றில் ஆடும், சாரம் கட்ட வேண்டும், சென்ட்ரிங் வேலைக்கு இடைஞ்சல். அதிலும் பாதிக் கம்பிகளை ஒரு மாடியிலும் மீதிப் பாதியை அடுத்த மாடியிலும் இணைப்பதே சரியான முறை. அப்படியானால் சில கம்பிகள் இரண்டு மாடி உயரத்துக்குத் தொடர்ச்சியாக நிற்கும். வரைபடத்தில் இது ஒரு கோடு. தளத்தில் அது நாலு ஆள் வேலை.

கிலோ கணக்கில் கூலி

கம்பி கட்டும் வேலைக்கு நாட்டின் பல இடங்களில் கூலி எடைக் கணக்கில் பேசப்படுகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். கணக்கு சுலபம் என்பதால் ஒப்பந்தக்காரருக்கும் பிடிக்கும், வேலையாட்களைக் கூட்டி வருபவருக்கும் பிடிக்கும். இந்தக் கணக்கில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது.

16 மி.மீ. கம்பி ஒன்று 12 மீட்டருக்கு 19 கிலோ எடை. அதை வெட்டி நிறுத்துவது சில நிமிட வேலை. 8 மி.மீ. கம்பியில் செய்யும் சாதாரணத் தூண் வளையம் ஒன்று அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு ஐந்து இடங்களில் மடக்க வேண்டும். இரண்டு முனைகளையும் 135 பாகைக்குத் திருப்ப வேண்டும். பிறகு தூணுக்குள் நுழைத்து ஒவ்வொரு மூலையிலும் கட்ட வேண்டும். ஒரு நீளக் கம்பியின் எடைக்குச் சமமாக முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட வளையங்கள் செய்தாக வேண்டும். உயிரைக் காக்கும் வேலைக்குத்தான் கூலி குறைவு. வளையம் தள்ளிப் போவதற்கும் கொக்கி செங்கோணத்தில் நின்றுவிடுவதற்கும் தொழிலாளியின் அறியாமையை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. வளையங்களுக்குத் தனிக் கூலி பேசினாலே பாதிப் பிரச்னை தீரும்.

டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னை என்று பெருநகரங்களின் தளங்களில் இந்த வேலையில் இருப்பவர்களில் கணிசமானோர் மேற்கு வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலத்தவர்கள். மேற்பார்வையாளருக்கு ஒரு மொழி, வேலை செய்பவருக்கு வேறொன்று. வரைபடமோ ஆங்கிலத்தில். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் கம்பி எங்கே இணைய வேண்டும், ஏன் அங்கே என்பதை அவர்கள் மொழியில் சொல்லித் தரும் ஏற்பாடு பெரும்பாலான தளங்களில் இல்லை.

நெருப்பு சேர்க்கும், கெடுக்கும்

பற்றவைத்தால் இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடுமே, பிறகு என்ன கவலை என்று தோன்றலாம். மிருதுவான சாதாரண எஃகாக இருந்த காலத்தில் அது ஓரளவு உண்மை. 1960களில் முறுக்குக் கம்பி வந்தது. குளிர்ந்த நிலையில் முறுக்கி ஏற்றிய பலம் அது. அதிகச் சூடு பட்டால் முறுக்கால் வந்த பலம் குறையும். பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது டி.எம்.டி. கம்பி. உருட்டாலையிலிருந்து செக்கச் சிவந்து வெளிவரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி மேற்புறத்தை மட்டும் சட்டென்று குளிர வைக்கிறார்கள். உள்ளே தங்கிய சூடு வெளியே பரவி அந்தக் கடினமான மேல்தோலைப் பதப்படுத்துகிறது. வெளியே கடினம், உள்ளே நெகிழ்வு. கம்பியின் பலத்தில் பெரும் பங்கு அந்த மேல்தோலில் இருக்கிறது. பற்றவைக்கும் நெருப்பு நேராகத் தாக்குவதும் அதே தோலைத்தான்.

எனவே டி.எம்.டி. கம்பியைப் பற்றவைக்கவே கூடாது என்பதில்லை. அதன் வேதிக் கலவை, குறிப்பாகக் கரிமத்தின் அளவு, பற்றவைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தகுந்த குச்சி வேண்டும்; அது ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும்; பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்; மாதிரிகளை எடுத்து இழுத்துச் சோதிக்க வேண்டும். ஆலையின் சோதனைச் சான்றிதழைப் பார்க்காமல், எந்த ஊர் உருட்டாலை என்றே தெரியாத கம்பியைப் பற்றவைப்பது சூதாட்டம். ஐ.எஸ். 456 விதியே இந்தத் தயக்கத்தைக் காட்டுகிறது. அழுத்தத்தில் உள்ள பற்றவைப்புக்கு முழுப் பலத்தையும் ஏற்றுக்கொள்ளும் அந்த விதி, இழுவிசையில் பொதுவாக 80 சதவீதத்தை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கண்டிப்பான மேற்பார்வை இருந்து, ஓரிடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பற்றவைக்காமல் இருந்தால்தான் முழுப் பலம்.

இதைவிட ஆபத்தானது, இணைப்புக்காக அல்லாமல் வசதிக்காக வைக்கும் ‘பொட்டு’. வளையம் நழுவாமல் இருக்கக் கட்டுக்கம்பிக்குப் பதில் சட்டென்று ஒரு பொட்டுப் பற்றவைப்பு. அந்தச் சிறு புள்ளி வேகமாகச் சூடேறி வேகமாகக் குளிர்வதால் எஃகு அங்கே நொறுங்கும் தன்மை பெறலாம். வளைய வேண்டிய கம்பி அந்த இடத்தில் முறியக்கூடும்.

திருகிப் பூட்டும் காலம்

கம்பி தடித்துக்கொண்டே போனால் மேற்பொருத்து கட்டுப்படியாகாது. 32 மி.மீ. தடிமனுள்ள 500 தரக் கம்பிக்கு எம்.25 கான்கிரீட்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சேர வேண்டும். ஓர் இணைப்புக்கு 9.8 கிலோ எஃகு உபரி. இருபது கம்பிகள் உள்ள ஒரு தூணில் மாடிக்கு 196 கிலோ. இப்படி முப்பது இணைப்பு மட்டங்கள் வந்தால் ஒரே தூணில் கிட்டத்தட்ட 6 டன் எஃகு, இணைப்புக்காக மட்டும்.

பணம் ஒருபுறம் இருக்க, இடம் பெரிய பிரச்னை. இணையும் இடத்தில் இருபது கம்பிகள் நாற்பதாகிவிடும். இடையில் ஜல்லி இறங்காது. அதிர்வுக் கருவியின் முனை நுழையாது. பலகையைப் பிரிக்கும்போது தேன்கூடுபோல ஓட்டைகள் தெரியும். அதனால்தான் தூணில் 6 சதவீதம் வரை கம்பி போடலாம் என்று அனுமதிக்கும் ஐ.எஸ். 456, மேற்பொருத்து வரும் தூண்களில் பொதுவாக 4 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 2000இல் வெளியானபோது 36 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பிகளைப் பொதுவாக மேற்பொருத்து முறையில் இணைக்கக் கூடாது என்றும் அது கூறியது.

இங்கேதான் கப்ளர் வருகிறது. கம்பியின் முனையை நேராக அறுத்து, சற்றே அழுத்திப் பருக்க வைத்து, அதன் மேல் மரை வெட்டுகிறார்கள். பருக்க வைப்பதால் மரை வெட்டிய பிறகும் கம்பியின் தடிமன் குறைவதில்லை. இரண்டு முனைகளையும் ஒரே குழலுக்குள் எதிரெதிராகத் திருகினால் வேலை முடிந்தது. பாரம் கான்கிரீட்டின் தயவை எதிர்பார்க்காமல் எஃகிலிருந்து எஃகுக்கு நேராகப் போகிறது. கூம்பு வடிவ மரை, குழலைக் கம்பியின் மேல் வைத்து நசுக்கும் முறை, குழலுக்குள் விசேஷக் காரையை ஊற்றி இறுக்கும் முறை என்று வேறு வகைகளும் உண்டு. கடைசியாகச் சொன்னது 1960களின் இறுதியில் ஹவாய் பொறியாளர் ஆல்பிரட் யீ கண்டுபிடித்தது. ஹோனலூலுவில் 38 மாடி ஆலா மோனா ஹோட்டலில் பயன்பட்டது. தொழிற்சாலையில் வார்த்த தூண்களைத் தளத்தில் ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தும் கட்டுமானத்துக்கு இன்றும் அதுவே கை கொடுக்கிறது.

இந்தியாவில் அணுமின் நிலையங்கள், பாலங்கள், மெட்ரோ ரயில் நிலையங்கள், உயரமான அடுக்குமாடிகள் என்று பெரிய வேலைகளில் கப்ளர் பரவியிருக்கிறது. தரைக்கடியில் நிலையம் கட்டும்போது முதலில் பக்கச் சுவர், பிறகு மேலிருந்து கீழாகத் தளங்கள் என்று சில இடங்களில் வேலை நடக்கும். சுவரிலிருந்து கம்பியை நீட்டி வைக்க வழியில்லை, சுற்றிலும் மண். சுவருக்குள் கப்ளரைப் புதைத்து வைத்துவிட்டு, தோண்டியபின் அதைத் தேடியெடுத்துத் தளத்தின் கம்பியைத் திருகுகிறார்கள்.

பயன்பாடு முந்திக்கொள்ள, தரம் பிந்தித்தான் வந்தது. கப்ளருக்கென்றே தனி இந்தியத் தரமான ஐ.எஸ். 16172 வெளியானது 2014இல். கம்பியைக் கப்ளரோடு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்துவிட்டால் மரைக்குள் ஏற்படும் நழுவல் 0.10 மி.மீ.க்கு மிகக் கூடாது. நெகிழும் பலத்தில் 5 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் இடையே நூறு முறை ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. பாலம்போல ஓயாமல் அதிரும் கட்டுமானங்களுக்கு இன்னும் கடுமையான வகையும் உண்டு.

கப்ளருக்கும் பலவீனம் உண்டு. மேற்பொருத்து நாலு செ.மீ. குறைந்தால் பலம் சிறிது குறையும், அவ்வளவுதான். கப்ளரில் கம்பி பாதி மரையோடு நின்றுவிட்டால் அந்த இணைப்பே இல்லை என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் மரையின் நீளத்துக்குப் பெயிண்ட் குறி வைக்கிறார்கள். முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் இறுக்கிப் பார்க்கிறார்கள். மரைக்குத் தொப்பி போட்டுச் சேறும் சிமெண்ட் பாலும் படாமல் காக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் இடத்தில்தான் கப்ளரை நம்பலாம்.

சிறிய வீட்டுக்கு இது தேவையா? 12 மி.மீ. கம்பியின் இணைப்பில் உபரியாகப் போகும் எஃகு அரைக் கிலோதான். அதற்காகக் கப்ளரும் மரை வெட்டும் இயந்திரமும் வாங்குவது கட்டுப்படியாகாது. அங்கே சரியான நீளத்தில், சரியான இடத்தில், நெருக்கமான வளையங்களோடு செய்யும் மேற்பொருத்தே போதுமானது, நல்லதும்கூட.

மொட்டை மாடிக் கம்பிக்கு என்ன வழி?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பியின் மேல் மாடி கட்டத் துணிபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது துரு. மேலோட்டமான செந்துரு பயமுறுத்த வேண்டியதில்லை; கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். செதில் செதிலாக உரிந்து, அடியில் குழிகள் தெரிந்தால் நிலைமை வேறு. சுத்தம் செய்து விட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். 16 மி.மீ. கம்பி 14 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது நீளம். பல வீடுகளில் ஒன்றரை அடிக்கு மேல் கம்பி இருக்காது. அதோடு புதுக் கம்பியைக் கட்டிவிட்டு மாடி எழுப்புவதுதான் வழக்கம். அப்படிச் செய்யக் கூடாது. தூணின் தலையைக் கவனமாக உடைத்து இன்னும் கொஞ்சம் கம்பியை வெளிக்கொணரலாம். கப்ளர் பொருத்தலாம். கான்கிரீட்டில் துளையிட்டு ரசாயனப் பசையால் புதுக் கம்பியை நடலாம். எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். அடித்தளம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். கைப்பிடிச் சுவருக்கு இடைஞ்சல் என்று மடக்கி வைத்த கம்பியை மறுபடி நிமிர்த்துவது தவறு. மடங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கலாம்.

இனிமேல் கட்டுபவர்களுக்கு வழி சுலபம். எதிர்கால மாடிக்கான கம்பியைத் தூணின் நடுப்பகுதி வரை எட்டும்படி உயரமாக விடச் சொல்லலாம். சிமெண்ட் பால் பூசி, மட்டமான கான்கிரீட்டால் மூடி வைத்தால் துரு அண்டாது. அழகாக இராதுதான்.

வீடு வாங்குபவர்கள் தரை ஓட்டையும் குளியலறைக் குழாயையும் தட்டிப் பார்க்கிறார்கள். கம்பி எப்படி இணைந்திருக்கிறது என்பதை வாங்கும்போது பார்க்க வழி இல்லை. பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு, கட்டும்போது, கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள். அன்று மாலை ஓர் அளவு நாடாவோடு தளத்துக்குப் போய் மூன்றை அளந்தால் போதும்: கம்பிகள் சேர்ந்திருக்கும் நீளம், தளத்திலிருந்து அந்த இணைப்பின் உயரம், வளையங்களின் இடைவெளி. நாடாவை வைத்தபடியே ஒவ்வொரு தூணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். குறை தெரிந்தால் அன்றிரவே கட்டுக்கம்பியை அவிழ்த்துச் சரி செய்துவிடலாம். அரை நாள் கூலிதான் நஷ்டம். மறுநாள் காலை கலவை லாரி வந்து நின்றபின் அதற்கு வழியில்லை.